மகனின் கால் விரலும் இரண்டாவது ஜோடிக் காலணியும்



கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகைக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். விழுப்புரத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பனிக்காலத்து ஃபஜ்ருக்கு ஒரு வரிசை நிறைவதே பெரிது. அன்று அது நிறைந்துவிட்டபடியால், என்னைப் போலவே தாமதமாக வந்த பெரியவர் ஒருவருடன் இரண்டாம் வரிசையில் நின்றேன். எனக்கு நேர் முன்னால் நின்றவன் என் மூத்த மகன். பெங்களூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான்.

தொழுகையில் பார்வை ஸஜ்தாவின் இடத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் என் ஸஜ்தாவின் இடத்தை ஒட்டியேதான் அவனுடைய பாதங்கள் இருந்தன. அத்தஹிய்யாத்து இருப்பில் வலப் பாதத்தை நட்டு, விரல்களை மடக்கிக் கிப்லாவை நோக்கி வைக்க வேண்டும். ஏழு வயதில் நானே அவன் பாதத்தைப் பிடித்து மடக்கிச் சொல்லிக்கொடுத்தது அது. அன்று அவன் இரண்டு பாதங்களையும் ஒரு பக்கமாகக் கிடத்தி உட்கார்ந்திருந்தான். ஸஜ்தாவிலோ பெருவிரல் தரையில் படாதபடி பாதத்தைச் சற்றே சாய்த்து வைத்திருந்தான். நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என்று ஏழு உறுப்புகளால் ஸஜ்தா செய்யப் பணிக்கப்பட்டிருக்கிறோம் என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது மதரஸாவில் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு, முதலில் வந்தது கவலை அன்று, கோபம். கல்லூரிக்குப் போனதும் தொழுகையில் அலட்சியம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஒன்றுமில்லை அத்தா, கொஞ்சம் வலி" என்றான். காலைக் காட்டச் சொன்னேன். தயங்கினான். பிறகு காட்டினான்.

வலக்கால் பெருவிரலின் நகம் முழுவதும் கறுத்திருந்தது. அடுத்த விரலின் கணு தடித்துக் காய்த்துப் போயிருந்தது. இடக்காலில் நகம் ஏற்கெனவே விழுந்து, புதியது பாதி வளர்ந்திருந்தது. குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து ஆறிய வடு. அவனுடைய அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தார்.

காரணம் அவன் பாறையேறும் காலணி.

இதைப் படிக்கும் பலருக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே புதிதாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கயிற்றின் பாதுகாப்புடன் செங்குத்தான பாறையிலோ, பாறையைப் போல் கட்டிய செயற்கைச் சுவரிலோ கைகளாலும் கால்களாலும் பற்றி ஏறுவது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் தொட்டு அது ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒன்று. பெங்களூர்ப் பிள்ளைகள் வார இறுதியில் ராமநகரத்துக் கருங்கல் பாறைகளுக்குப் போகிறார்கள். என் மகனும் அவர்களோடு போய் ஓராண்டுக்கு மேலாகிறது.

முதல் ஜோடிக் காலணியை அவன் வாங்கியது எட்டு மாதங்களுக்கு முன்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம், நாலாயிரத்துச் சொச்சம். தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னான். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: "நான் போட்டிருக்கும் செருப்பின் விலை 250 ரூபாய். இரண்டு வருடமாகிறது. பாறையில் ஏறுவதற்கு நாலாயிரம் ரூபாய்க்குச் செருப்பு வாங்குகிறவன் மதரஸா ஆசிரியரின் மகனா?" அதன் பிறகு அவன் அந்தக் காலணியைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

அளவு தவறு என்பது முதல் மாதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். அவன் அன்றாடம் அணிவது எட்டாம் எண். பாறைக் காலணி இறுக்கமாக இருக்க வேண்டும், இரண்டு எண் குறைத்து வாங்கு என்று கடையில் இருந்தவர் சொல்ல, ஆறாம் எண்ணை வாங்கிவிட்டான். மாற்றித் தரும் காலம் கடந்துவிட்டது. இன்னொன்று வாங்கப் பணமில்லை. அத்தாவிடம் கேட்க வாயில்லை. எட்டு மாதம் அதிலேயே காலைத் திணித்து ஏறியிருக்கிறான்.

நம் வீடுகளில் செருப்பு வாங்கும் முறையே வேறு. பெருநாளுக்குச் செருப்பு எடுக்கப் போனால் என் தந்தை கடைக்காரரிடம், "அடுத்த வருடமும் போட வேண்டும், ஒரு சைஸ் கூட்டியே கொடுங்கள்" என்பார். முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒரு விரல் இடமிருந்தால்தான் அவருக்குத் திருப்தி. முதல் பெருநாளில் பஞ்சு அடைத்துப் போடுவோம். மறு பெருநாளில் அளவு சரியாகும். மூன்றாவதில் தம்பிக்குப் போய்விடும். அப்படி வளர்ந்த எனக்கு, காலைவிடச் சிறிய காலணியைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்பது முதலில் புரியவே இல்லை.

விழுப்புரத்தில் மருத்துவரிடம் காட்டினோம். எலும்பில் பழுதில்லை, அல்ஹம்துலில்லாஹ். நகத்துக்கடியில் இரத்தம் கட்டியிருக்கிறது, ஆறு வாரம் அந்தக் காலணியைத் தொடக்கூடாது, பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேலாகும் என்றார். இப்படியே இறுக்கிக்கொண்டிருந்தால் பெருவிரலின் அடி மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும் என்றும் சொன்னார். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அன்று மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கே நடத்திக்கொண்டேன்.

அந்த வாரம் மதரஸாப் பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான் வேலை பார்க்கும் மதரஸா திண்டிவனத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிறுத்தி நிறுத்திப் போகும் பாசஞ்சர் ரயிலில் எத்தனையோ ஆண்டுகளாகப் போய் வருகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் முப்பது கிலோமீட்டருக்குள்தான் செஞ்சி. மகனையும் வரச் சொன்னேன்; ரப்பர் செருப்போடு வந்தான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுவர் எழுப்பிய கோட்டை அது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் முற்றுகையிட்டுக் கிடந்த இடம். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினேன். குரங்குகள் அவர்களுடைய பிஸ்கட் பொட்டலங்களைக் குறிவைத்ததால் என் வரலாற்றுப் பாடம் பெரிதாக எடுபடவில்லை. உச்சிக்குச் சற்று முன்பாகப் பாறையில் இயற்கையாகவே ஒரு பெரும் பிளவு இருக்கிறது. அதன்மேல் சிறு பாலம். அதைக் கடந்து மேலே போனோம். இறங்கும்போதுதான் மகன் பின்தங்கினான். ஏறும்போது எடை குதிகாலில். இறங்கும்போது விரல் நுனியில்.

கீழே சஅதத்துல்லாஹ் கானின் பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காட்டு நவாபான அவர் 1717-18இல் கட்டியது. பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தபோது, நாங்கள் இருவரும் அதன் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குன்று. "அத்தா, அந்த விரிசலைப் பாருங்கள். கையை உள்ளே நுழைத்து மடக்கினால் பிடி கிடைக்கும்" என்று காட்டினான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அதில் ஏறக்கூடாது என்றேன். "தெரியும் அத்தா, பார்க்கத்தான் பார்க்கிறேன்" என்றான். நாற்பது ஆண்டுகளாக அந்தக் குன்றுகளைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்து வருகிறேன். அதில் விரிசல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஏன் ஏறுகிறாய் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "மேலே போகும்போது அடுத்த பிடியைத் தவிர வேறு எதுவும் மனத்தில் வராது அத்தா. தேர்வு, செல்போன், ஒன்றும் வராது. தொழுகையில் எனக்கு அப்படி வர மாட்டேன் என்கிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது."

என்னிடம் பதில் இல்லை. தொழுகையில் எனக்கும் அது எப்போதும் வருகிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனவே காலைப் பற்றிக் கேட்டேன். "வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் செருப்பைப் பற்றிச் சொன்னீர்களே."

அவ்வளவுதான் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, காரணம் கேட்டதற்குக் காரணம் சொன்னான். 250 ரூபாய்ச் செருப்பைக் காட்டி நான் பேசிய அந்த ஒரு வாக்கியத்தை எளிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது எட்டு மாத வலி. அடுத்த ஜோடியை நாம் சேர்ந்து பார்ப்போம் என்று அங்கேயே சொன்னேன்.

சொல்லிவிட்டேனே ஒழிய, கேள்விகள் விடவில்லை. முதலாவது வீண்விரயம் பற்றியது. ஒரு ஜோடி கையில் இருக்கையில் இன்னொன்று எதற்கு? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் காலணியைத் தாமே தைத்துச் சீர்செய்துகொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பழுதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்காமல் புதியது வாங்க மனம் ஒப்பவில்லை. திண்டிவனத்தில் நான் வழக்கமாகச் செருப்புத் தைக்கக் கொடுக்கும் பெரியவரிடம் அந்தக் காலணியை எடுத்துப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியை நகத்தால் அழுத்தினார், வளைத்தார். "இது என்ன ரப்பர் பாய், பசை மாதிரி ஒட்டுது?" என்றார்.

அதுதான் அந்தக் காலணியின் சூட்சுமம் என்று மகன் பிறகு விளக்கினான். முன்னொரு காலத்தில் ஐரோப்பியர்கள் ஆணி அடித்த பூட்ஸோடு மலையேறியிருக்கிறார்கள். 1930களில் பியர் அலான் என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோன்டென்ப்ளோ காட்டுப் பாறைகளில் ஏறுவதற்காக வழுவழுப்பான ரப்பர் அடி வைத்த மெல்லிய காலணியைச் செய்தார். 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் ஒட்டும் தன்மையுள்ள ரப்பரைப் பயன்படுத்தியபோது ஏறுகிறவர்களின் உலகமே மாறிவிட்டதாம். சாதாரண ஷூவின் அடியில் வெட்டு வெட்டாக இருக்கும் கோடுகள் இதில் கிடையாது. மென்மையான ரப்பர் பாறையின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு பரப்பு பாறையில் படுகிறதோ அவ்வளவு நல்லது. வெயில் ஏறினால் கை வியர்த்து, ரப்பரும் இளகிவிடுமாம். அதனால் நம் ஊர்ப் பக்கத்தில் ஏறுகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுகிறார்கள். ஃபஜ்ருக்கு எழுப்ப வேண்டிய வேலை அவனுடைய அறை நண்பர்களுக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் நேர்மையானவர். "தையல் பிரிஞ்சிருக்கு, அதைத் தைச்சுத் தரேன். அடி மாத்த என்கிட்ட இருக்கறது டயர் ரப்பர். அதை வெச்சா புள்ள வழுக்கி விழுந்துடும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார். தையலுக்கு நாற்பது ரூபாய் வாங்கினார். நல்லவேளையாக அடி ரப்பர் முழுவதும் தேய்ந்திருக்கவில்லை. நுனியில் அடி ரப்பர் தேய்ந்து, சுற்றிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையில் ஓட்டை விழுவதற்கு முன்பே அடியை மாற்றிவிட வேண்டும், அதற்கென்று தனிக் கைவினைஞர்கள் உண்டு என்று மகன் சொன்னான். ஓட்டை விழும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறாம். எப்படியும் இங்கே பிரச்சினை அடியில் இல்லை; அளவில். ஆறாம் எண்ணை எந்தத் தொழிலாளியும் எட்டாம் எண்ணாக்க முடியாது.

இரண்டாவது கேள்வி தோல் பற்றியது. இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பாறை ஏறாத குடும்பங்களுக்கும் இது தேவைப்படும். அவனுடைய முதல் காலணி தோலால் ஆனது. உட்புறம் மெத்தென்ற தோல் உறை. எந்த விலங்கின் தோல்? வெளிநாட்டுக் காலணிகளில் உட்பக்கமோ அடியிலோ சிறு அடையாளங்கள் அச்சிட்டிருப்பார்கள். விரித்துப் போட்ட தோலின் வடிவம் இருந்தால் தோல். வலைப்பின்னல் போலிருந்தால் துணி. சாய்சதுரம் இருந்தால் செயற்கைப் பொருள். ஆனால் தோல் என்று சொல்லும் அடையாளம் எந்த விலங்கு என்று சொல்வதில்லை. காலணிகளின் உள் உறைக்குப் பன்றித் தோலைப் பயன்படுத்துவது உலகச் சந்தையில் அரிதல்ல.

செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்பது அதிலிருந்து பெறப்படும் சட்டம். பன்றியின் தோல் அதற்கு விதிவிலக்கு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் அப்படியே. நான் முஃப்தி அல்லன். பட்டயப் படிப்புப் படித்த ஒரு மதரஸா ஆசிரியன். ஆகவே எனக்குப் பாடம் சொன்ன மூத்த ஆலிம் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். நான் மஸ்அலாவைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பையனின் விரல் ஆறிவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு, "தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள், புதிதாக வாங்குவதில் சந்தேகம் வந்தால் சந்தேகமில்லாததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

தெரிந்தவர் என்று தேட வேண்டியதில்லை. என் சகலை ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அந்தப் பக்கமெல்லாம் தோல் தொழில் தமிழ் முஸ்லிம்களின் கையில் வளர்ந்தது; ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்துக் கதைகளை அவர் மணிக்கணக்கில் சொல்வார். ஒரு திருமணத்துக்காக விழுப்புரம் வந்தவரிடம் காலணியைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பன்றித் தோலில் மயிர்க்கால்கள் மும்மூன்றாக, முக்கோண வடிவில் அமைந்திருக்குமாம். அந்த மயிர்க்கால்கள் தோலின் முழுக் கனத்தையும் ஊடுருவிப் போவதால் மறுபக்கத்திலும் துளைகள் தெரியும். மாட்டுத் தோலில் துளைகள் மிகச் சிறியவை, நெருக்கமாகப் பரவலாக இருக்கும். "இது மாடுதான், நிம்மதியாக இருங்கள்" என்றார். அவனுடைய அம்மா முதன்முறையாகச் சிரித்தார். எட்டு மாதக் காலுறைகளையெல்லாம் என்ன செய்வது என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேல்பகுதி தோலாக இருந்தால் போடப் போட நெகிழும், செயற்கை இழையாக இருந்தால் அவ்வளவாக நெகிழாது என்று சகலை இன்னொன்றும் சொன்னார். கடைக்காரர் இரண்டு எண் குறைக்கச் சொன்னதன் மூலம் இதுதான் போலும். நெகிழும் என்ற நம்பிக்கையில், நெகிழ்ந்தாலும் போதாத அளவைக் கொடுத்திருக்கிறார். புதியதைச் செயற்கைப் பொருளிலேயே வாங்குவது என்று முடிவு செய்தோம். தோல் பற்றிய சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஆனால் அளவில் இனிப் பிழைக்க இடமில்லை என்றும் ஆயிற்று. வாங்கும் நாளில் பொருந்துவதுதான் கடைசிவரை.

ஆறு வாரம் கழித்து, நகத்தின் கறுப்பு மேலேறத் தொடங்கிய பிறகு, மகன் ஒரு வார இறுதியில் ஊருக்கு வந்தபோது சென்னைக்குப் போனோம். மாலையில் போக வேண்டும் என்றான். பகல் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதே உண்மையான அளவு. அஸ்ரைத் தொழுதுவிட்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

அவன் கண் முதலில் போனது நுனி கீழ்நோக்கிப் பருந்தின் அலகு போல் வளைந்த ஒரு ஜோடியின்மேல். ஒலிம்பிக் வீரர்கள் அணிவது அந்த வகை. விலை பத்தாயிரத்தைத் தாண்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். அவனே எடுத்துப் பார்த்தான், வளைத்தான், திரும்ப வைத்தான். "இது தலைக்குமேல் சாய்ந்த பாறைக்கு அத்தா. கால் நுனியால் கொக்கி போல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ராமநகரத்தில் நான் ஏறுவது சரிவான பாறை. அடி முழுவதும் படிய வேண்டும். தட்டையானதுதான் சரி" என்றான். இரண்டாவது ஜோடி என்றாலே வளைந்ததற்குப் போய்விட வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். அவனுடைய பயிற்சியாளர் வேண்டாம் என்றாராம். ஆசிரியரின் சொல் வென்றதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

தட்டையான, செயற்கைப் பொருளாலான மூன்று வகைகளைப் போட்டுப் பார்த்தான். கயிறு கட்டுவது ஒன்று, ஒட்டுப்பட்டை இரண்டு. கயிறு கட்டுவது காலின் வடிவத்துக்கேற்ப இறுக்கிக்கொள்ள வசதி. ஒட்டுப்பட்டை ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இடையே கழற்றி மாட்ட வசதி. உளூச் செய்யும்போதும் வசதி என்று நான் சொன்னேன். கணுக்காலை மூடாத காலணி என்பதால் அதன்மேல் மஸஹ் செய்ய முடியாது, கழற்றித்தான் ஆக வேண்டும். கடைப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஏழாம் எண்ணில் விரல்கள் மடங்கின. எட்டில் குதிகாலில் வெற்றிடம் இருந்தது. ஏழரையில் நின்றான். விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், ஆனால் மடங்கி நெரியக்கூடாது. குதிகாலில் காற்று நிற்கக்கூடாது. அங்கே இருந்த ஒரு மரக்கட்டையின் விளிம்பில் நுனியை வைத்து ஏறி நின்று பார்த்தான். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை" என்றான். அவன் "இல்லை" என்பதன் மதிப்பு இப்போது எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கடையின் தரையிலேயே உட்கார்ந்து, அவன் பாதத்தை மடியில் வைத்துக் கட்டைவிரலால் நுனியை அழுத்தினேன். என் தந்தை அழுத்திய அதே இடம். "அத்தா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றான். கால் மணி நேரம் போட்டுக்கொண்டே உட்காரச் சொன்னேன். பிறகு கழற்றி விரல்களைப் பார்த்தேன்; சிவப்பு இருந்தது, வெளுப்பு இல்லை. இன்னொரு முறை கேட்டேன். "பெருவிரலில் கொஞ்சம் அழுத்துகிறது, வலி இல்லை" என்றான். இது உண்மையான பதிலாக இருந்தது.

விலை ஐயாயிரத்து எண்ணூறு. பாதி அவன் சேமிப்பு, பாதி என்னுடையது. என் ஊதியத்தில் அது சிறிய தொகை அன்று. கடையை விட்டு வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "அத்தா, உங்களுக்கு இது வீண்விரயமாகத் தெரிகிறதா?" தெரிந்தது, கொஞ்சம். அதையும் மறைக்கவில்லை. ஆனால் விழுந்துவிடுவானோ என்ற பயமும் எனக்குண்டு, அந்த ரப்பர் அவனைப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பாதிக்கு நான் கொடுத்த பணம் என் தூக்கத்துக்கு என்றேன். கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் ஏறுவதில்லை என்று என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தான்.

பெங்களூருக்குத் திரும்பும் முன்பு, ஃபஜ்ரில் அவன் எனக்குப் பக்கத்தில் நின்றான். வலப் பாதத்தை நட முயன்றான். பாதி நட்டான். பெருவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இயலாதவருக்குச் சலுகை உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முயன்று பார்க்கிறான்.

பழைய ஜோடி வீட்டிலேயே கிடந்தது. எட்டு மாதத்தில் சற்று நெகிழ்ந்து, தையலும் போட்டு, நல்ல நிலையில்தான் இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ முடிந்து வந்தபோது, பதின்மூன்று வயது இளையவன் அதைப் போட்டுக்கொண்டு வாசற்படியின் விளிம்பில் நுனிக்காலால் நின்றுகொண்டிருந்தான். அவன் காலுக்கு ஆறாம் எண். "அண்ணன் எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டான் அத்தா. சரியாக இருக்கிறது" என்றான். பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அவன் பாதத்தை எடுத்து மடியில் வைத்தேன். கட்டைவிரலால் அழுத்துவதற்கு முன்பு, விரல் எங்கே முடிகிறது என்று அவனையே காட்டச் சொன்னேன்.